சாதாவா, பவரா? நைனார்பாளையத்திலிருந்து ஒரு பெட்ரோல் கணக்கு

ஸ்விஃப்ட் காரின் டேங்க் 37 லிட்டர் கொள்ளும். இன்றைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதால், டேங்கை நிரப்பினால் 7.4 லிட்டர் எத்தனால் உள்ளே போகிறது. அவ்வளவையும் மக்காச்சோளத்திலிருந்தே எடுப்பதானால் 19½ கிலோ சோளம் வேண்டும். ஒரு டன் சோளத்துக்கு 380 லிட்டர் என்பது நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் அறிக்கை எடுத்துக்கொண்ட அளவு. குவிண்டாலுக்கு ₹2,400 என்ற 2025-26 குறைந்தபட்ச ஆதரவு விலைப்படி அந்தச் சோளத்தின் மதிப்பு ₹467.

சின்னசேலம் வட்டத்தில், நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். ஏக்கருக்கு நூறு கிலோ மூட்டையாக 25 மூட்டை விளைந்தால் அது 950 லிட்டர் எத்தனால். அதைக் கலந்து 4,750 லிட்டர் பெட்ரோல் விற்கலாம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் ஒரு கார் அதில் 85,500 கிலோமீட்டர் ஓடும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்புக்கும் பங்கு உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஒரு டன் கரும்பின் சாற்றிலிருந்து 70 லிட்டர் எத்தனால் எடுக்கலாம் என்கிறது அதே அறிக்கை. பெட்ரோல் விஷயத்தில் நாம் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, ஓரளவு விளைவிக்கிறவர்களும்கூட.

ஆக்டேன் கணக்கை எத்தனாலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது: சாதா பெட்ரோலின் ஆக்டேனை உயர்த்தியது அதுதான், அதைப் பின்னால் பார்ப்போம். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் வரும் கேள்வி, சாதாவா, பவர் என்கிற பிரீமியமா என்பது. யமஹா ஆர்15, கேடிஎம் டியூக், அப்பாச்சி என்று வேக வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் யோசிக்காமல் பவர் என்கிறார்கள். வேக வண்டிக்கு உசத்தி பெட்ரோல் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு லிட்டருக்குச் சுமார் 8 ரூபாய் விலை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தபோது மாநிலமே அதைப் பேசியது. அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேலான தொகையை இங்கே நாமே முன்வந்து கொடுக்கிறோம். திரும்ப என்ன வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஆக்டேன் எதை அளக்கிறது என்பது. பெட்ரோலின் சக்தியை அது அளக்கவில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கி, ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் பொறுமையைத்தான் அளக்கிறது. அதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டால் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். அளவுகோலை 1926-ல் அமைத்தவர் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலர். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்தார். 95 ஆக்டேன் என்றால் அந்த இரண்டையும் 95-க்கு 5 என்று கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் எரிபொருள்.

பொறுமை கூடிய பெட்ரோலால் லாபம் உண்டா என்றால், உண்டு. ஆனால் அந்த லாபத்தை எடுத்துக்கொள்ள எஞ்சினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1940-ல் பிரிட்டன் மீது நடந்த வான்போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு 87 ஆக்டேனுக்குப் பதிலாக 100 ஆக்டேன் கிடைத்தது. புது எரிபொருளை ஊற்றியதால் மட்டும் வேகம் கூடவில்லை. மெர்லின் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை ஆறேகால் பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்றி அமைத்தார்கள். வேகம் அதிலிருந்து வந்தது. அழுத்தத்தை அப்படியே விட்டிருந்தால் 100 ஆக்டேன் அங்கே வீண்.

அழுத்த விகிதத்தின் பலனைப் பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். 9.5-க்கு 1 என்று அழுத்தும் எஞ்சினின் உச்சபட்சத் திறன் 59.4 சதவீதம். 12-க்கு 1 என்றால் 63 சதவீதம். நடைமுறையில் இதைவிட மிகவும் குறைவாகவே வரும், ஆனாலும் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஏறத்தாழ நிற்கும்: அதே பெட்ரோலில் 6 சதவீதம் கூடுதல் வேலை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 9.5, யமஹா ஆர்15-க்கு 11.6, ஸ்விஃப்டில் வந்த டூயல்ஜெட் எஞ்சினுக்கு 12. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். நடுத்தரக் குடும்பக் கார் ஒன்றின் எஞ்சின் பல வேக வண்டிகளைவிட இறுக்கமாக அழுத்துகிறது, அதுவும் சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோலில். எரிபொருள் தெளிக்கும் முறையையும் அறையின் சூட்டையும் வடிவமைப்பாளர்கள் அதற்கேற்ப அமைத்துவிட்டார்கள். வண்டியின் தோற்றத்தை வைத்து ஆக்டேனை முடிவு செய்ய முடியாது. கையேட்டில் அச்சிட்ட எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இப்போது ரூபாய்க் கணக்கு. சாதா பெட்ரோல் லிட்டர் ₹101, 95 ஆக்டேன் என்று விற்கும் பிரீமியம் ₹109 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பங்க் போர்டில் ஒன்றிரண்டு ரூபாய் வேறுபடலாம், விகிதம் பெரிதாக மாறாது. பிரீமியம் 7.9 சதவீதம் விலை அதிகம். அது தன் விலையைத் தானே ஈட்ட வேண்டுமானால் 18 கிலோமீட்டர் தரும் கார் 19.4 தர வேண்டும், 42 தரும் பைக் 45.3 தர வேண்டும்.

தருகிறதா? இதற்கு நம்பத்தக்க சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்க வாகன ஓட்டிகளின் கூட்டமைப்பான ஏஏஏ 2016-ல் சாதா பெட்ரோலுக்கென்றே செய்த கார்களில் பிரீமியம் ஊற்றி ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தது. குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. அந்த நாட்டில் 1.65 கோடிப் பேர் தேவையில்லாமல் பிரீமியம் போட்டு ஓராண்டில் 210 கோடி டாலரை விரயம் செய்ததாகக் கணக்கிட்டது. மறு ஆண்டு, பிரீமியம் போட்டால் நல்லது என்று உற்பத்தியாளரே பரிந்துரைக்கும் வண்டிகளை எடுத்துக்கொண்டார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5, ஃபோர்டு மஸ்டாங் ஜிடி போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் அதில் இருந்தன. சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. மஸ்டாங்கில் குதிரைத்திறன் 3.2 சதவீதம் ஏறியது. பெரிய காடிலாக் எஸ்கலேடில் மைலேஜ் 7.1 சதவீதம் வரை போனது. அதுதான் உச்சம்.

இந்த 2.7 சதவீதத்தை நம் காருக்குத் தாராளமாகவே கொடுத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். சாதா போட்டால் 667 லிட்டர், ₹67,333. பிரீமியம் போட்டால் மைலேஜ் 18.49 ஆகி 649 லிட்டர் போதும், ஆனால் செலவு ₹70,756. நல்ல பலன் கிடைத்த பிறகும் ₹3,423 நஷ்டம். பலனே இல்லாவிட்டால் ₹5,333. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் வேக பைக்குக்கு, பலன் இல்லாத நிலையில், ₹1,905. இந்தப் பணத்தில் நல்ல எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் நேரத்துக்கு மாற்றினால் வண்டிக்குக் கண்ணுக்குத் தெரிந்த நன்மை உண்டு.

இந்தியன் ஆயில் 2020 டிசம்பர் 1 அன்று கொண்டுவந்த எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் இன்னும் மேலே. தொடக்க விலை டெல்லியில் லிட்டருக்கு ₹160. அந்த விலையை வைத்துப் பார்த்தாலே சாதாவைவிட 58 சதவீதம் அதிகம். 18 தரும் கார் 28.5 தந்தால்தான் கட்டுப்படியாகும், அது நடக்காது. அந்தப் பெட்ரோல் யாருக்கு? போர்ஷே 911 போன்ற கார்களுக்கு. அதன் எஞ்சின் 98 ஆக்டேனில் முழுத் திறனைக் காட்டும்படி செய்யப்பட்டது. 95 ஊற்றினாலும் ஓடும்; நாக்கிங்கை உணரும் சென்சார் ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளிச் சமாளிக்கும், திறன் சற்றுக் குறையும். அதன் 64 லிட்டர் டேங்கை நிரப்ப ₹160 விலையில் ₹10,240, சாதாவில் ₹6,464. ஒரு டேங்குக்கு ₹3,776 வித்தியாசம். அந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது நியாயமான செலவு, எஞ்சின் அதைக் கேட்கிறது. ஆர்15-இன் எஞ்சின் கேட்கவில்லை.

இதற்கும் மேலே, நம் நாட்டுக்கே உரிய ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அதை இன்னும் பலர் கவனிக்கவில்லை. பிஎஸ்-2 புகைத் தர விதிகள் இருந்த காலத்தில் சாதாரண பெட்ரோல் 88 ஆக்டேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது 91. எத்தனால் 20 சதவீதம் கலந்த பிறகு அது 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எத்தனாலின் ஆக்டேன் 108.5, கலப்பதற்கு முந்தைய பெட்ரோலின் ஆக்டேன் 84.4 என்று அமைச்சகம் எண்களையும் கொடுத்தது. மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களிலிருந்து வந்த எத்தனால்தான் அந்த உயர்வைத் தந்தது. அப்படியானால் 95 ஆக்டேன் என்று ₹109-க்கு விற்கும் பெட்ரோலுக்கும் ₹101-க்கு விற்கும் இ20 என்ற 20 சதவீதக் கலவைப் பெட்ரோலுக்கும் ஆக்டேனில் வேறுபாடு பெரிதாக இல்லை. மிச்சமிருப்பது எஞ்சினுக்குள் படியும் கரியைத் துடைக்கும் சேர்மானம். அதற்கு ஒரு பயன் உண்டு, ஒவ்வொரு லிட்டருக்கும் எட்டு ரூபாய் தரும் அளவுக்கு இல்லை என்பது என் முடிவு.

ஆனால் எத்தனால் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எடுத்தும் கொள்கிறது. ஒரு லிட்டர் தூய பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் உண்டு. எத்தனாலில் 21.2 மட்டும். 20 சதவீதம் கலந்தால் 29.8 ஆகிறது. தூய பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6.75 சதவீதம் குறைவு, 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் 3.5 சதவீதம் குறைவு. தாங்கும் பொறுமை கூடி, எரிந்து தரும் சூடு குறைந்த பெட்ரோல் இது. கூடிய ஆக்டேனை எடுத்துக்கொள்ளும்படி செய்த புது எஞ்சின் இழப்பில் ஒரு பகுதியை மீட்கும். பழைய வண்டி மீட்காது. நிதி ஆயோக் அறிக்கை இதை ஒளிக்கவில்லை: தூய பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை, அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் வரை மைலேஜ் குறையும், 10-க்கு வடிவமைத்து 20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்.

மறுபடியும் நம் காரை எடுத்துக்கொள்வோம். 6 சதவீதம் குறைந்தால் 667 லிட்டர் 709 ஆகும். கூடுதல் 42½ லிட்டர், ₹4,298. லிட்டருக்கு 50 தரும் ஸ்பிளெண்டர் வகை பைக்கில் 4 சதவீதம் குறைந்தால் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு 8.3 லிட்டர், ₹842. நைனார்பாளையத்திலிருந்து தினமும் சின்னசேலத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ வேலைக்குப் போகிறவருக்கு ₹842 சின்னத் தொகை அல்ல. வெப்பத்துக்கு ஏற்ற விலை என்று பார்த்தால், 10 சதவீதக் கலவை ₹101-க்கு விற்றபோது 20 சதவீதக் கலவை ₹97.50-க்கு விற்க வேண்டும். வெப்பம் குறைவதை ஈடுகட்ட இத்தகைய எரிபொருளின் விலை குறைவாக இருப்பதே முறை என்று நிதி ஆயோக் அறிக்கையும் எழுதியது. அந்தக் குறைப்பு வரவில்லை. எண்ணெய் நிறுவனங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2024-25-ல் சோளத்திலிருந்து வந்த எத்தனாலை அவை லிட்டர் ₹71.86-க்கு வாங்கின, கரும்புச் சாற்றிலிருந்து வந்ததை ₹65.61-க்கு. உழவருக்குப் போகும் அந்தப் பணம் குறையக் கூடாது. குறைய வேண்டியது வரி.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலை ஏறுவதற்கு பவர் பெட்ரோல் போட வேண்டும் என்ற பேச்சு இந்தப் பக்கம் உண்டு. சமவெளியிலிருந்து மலைமேல் உள்ள வெள்ளிமலைக்கு ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க 7 மெகாஜூல் வேலை. எஞ்சின் 27 சதவீதத் திறனில் ஓடினால் அதற்கென்று மட்டும் 0.88 லிட்டர், ₹88. எந்த ஆக்டேன் ஊற்றினாலும் இந்த வேலை குறையாது, பூமியின் இழுவிசைக்குக் கொடுக்கும் கட்டணம் அது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. 800 மீட்டர் உயரத்தில் கடல்மட்டத்தைவிட 9 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறையும், நாக்கிங் வாய்ப்பும் குறையும். அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் சாதா பெட்ரோலை மற்ற இடங்களைவிட இரண்டு புள்ளி குறைந்த ஆக்டேனில் விற்பது இந்தக் காரணத்தால்தான். மலைக்கு உயர் ஆக்டேன் என்பது தலைகீழான நம்பிக்கை.

மலையில் நாக்கிங் கேட்பதற்கு வேறு காரணம் உண்டு. கச்சிராயப்பாளையத்துக்கு மேல் வளைவுகளில் நான்காம் கியரிலேயே திணறத் திணற ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் தட்டும். கியரைக் குறைத்தால் அந்தத் தட்டல் நின்றுவிடும், அதற்குச் செலவு இல்லை. இறங்கும்போது நியூட்ரலில் விடுவது அதைவிடத் தவறு. ஆக்சிலேட்டரை விட்டுக் கியரில் இறங்கினால் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் தெளிப்பு முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் காயும்.

உண்மையில் மைலேஜைத் தின்பது சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் நாம் போகும் வேகம். சராசரி காரின் அகலத்தையும் வடிவத்தையும் எடுத்துக் கணக்கிட்டேன். மணிக்கு 80 கிலோமீட்டரில் காற்றை விலக்க 190 நியூட்டன் விசை, டயர் உருள 129, கூட்டினால் 319. 110 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் 360, மொத்தம் 489. அதாவது 53 சதவீதம் கூடுதல். அதே 27 சதவீதத் திறனில் 80-ல் லிட்டருக்கு 25 கிலோமீட்டர், 110-ல் 16½. சுமை கூடும்போது எஞ்சின் சற்றுத் திறம்பட ஓடும் என்பதால் வித்தியாசம் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். அப்படிக் குறைந்த பிறகும், ஆக்டேனிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய 2.7 சதவீதம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. டயர் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். எட்டு பிஎஸ்ஐ இறங்கிய டயரோடு ஓடுகிறவர் 1.6 சதவீதத்தைச் சும்மா விடுகிறார்.

'நான் பவர் போட்டுப் பார்த்தேன், மைலேஜ் கூடியது' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்த முறையில்தான் சிக்கல். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும்போது பங்க் குழாய் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். 8 லிட்டர் நிரப்பும் பைக்கில் கால் லிட்டர் மாறினாலே 3 சதவீதப் பிழை. தேடுகிற 2.7 சதவீதமோ அந்தப் பிழையைவிடச் சிறியது. ஒரு நிரப்பலில் கூடியதாகவும் அடுத்ததில் குறைந்ததாகவும் காட்டும். காற்றின் திசை, பின்னால் உட்காரும் ஆள், சந்தை நாள் நெரிசல் என்று இன்னும் பல சேரும். மைலேஜைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் நோட்டில் பத்து நிரப்பலாவது எழுதி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். அப்போது பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்கும். எழுதிவைத்த எண்ணோடு பேசுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

அளவிலேயே சந்தேகம் வந்தால் பங்கில் 5 லிட்டர் முத்திரைக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 25 மில்லிலிட்டர் வரை ஏறி இறங்கலாம், அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம்.

மலேசியாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் பங்கில் 95 அல்லது 97 என்று எண்ணைச் சொல்லிப் போடுகிறார்கள். இலங்கையில் 92, 95. எண்ணைச் சொன்னால் வண்டிப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கலாம். பவர், ஸ்பீடு என்ற பெயர்களை எதோடு ஒத்துப்பார்ப்பது? ஒவ்வொரு குழாயிலும் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் அளவையும் தமிழில், கண்ணில் படும் அளவுக்கு எழுதிவைக்க எண்ணெய் நிறுவனங்கள் முன்வர வேண்டும். இ20-க்கு வெப்பத்துக்கேற்ப லிட்டருக்கு மூன்றரை ரூபாயாவது வரியைக் குறைக்க மத்திய, மாநில அரசுகள் முன்வர வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது வண்டியின் கையேடு. அதில் 91 என்று இருந்தால் சாதா போடுங்கள், 95 என்று இருந்தாலும் இன்றைய இ20 சாதாவே போதும். 98 என்று அச்சிட்ட கார் உங்கள் வாசலில் நின்றால் மட்டும் கூடுதல் பணத்தை எடுங்கள்.